மூடி இல்லாத பானை

மாவட்ட அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் விளக்கொளியில், மூன்றுகால் வெண்கலப் பானை பச்சை பூத்து நிற்கிறது. உழவர் குவோ தன் நிலத்தை உழும்போது கலப்பைக் கொழுவில் தட்டுப்பட்டது அது. வெறும் ஒரு சான்றிதழை வாங்கிக்கொண்டு அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார் என்று, மனைவி ருன்ஷியாங் நான்கு வருஷமாக அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே, கண்ணாடியில் மூக்கு உரச, அவள் விவரப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். "மூவாயிரம் ஆண்டுப் பழமை. அளித்தவர், உழவர் குவோ ஷுவாங்தியான். மூடி கிடைக்கவில்லை." கணவனின் பெயர்மேல் அவள் விரல் ஒருமுறை மெல்லப் போய்வருகிறது. பிறகு அருகில் நிற்கும் குவோவின் பக்கம் திரும்புகிறாள். "யோவ் கெழவா, மூடிய நாந்தான் ஒளிச்சு வெச்சேன். முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடி மேல கெடக்கு. நாளைக்குக் கொண்டாந்து குடுத்துருவோம். உம் பேருக்குப் பக்கத்துல எம் பேரையும் எழுதச் சொல்லு."