நின்றே தொழும் தொழுகை

ஒர்மோனின் வீட்டு முற்றத்தில், அவன் உடலுக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் கைத்தடி இல்லாமல் நின்றார் பெய்ஷென்பாய்.

போன இலையுதிர் காலத்துக்குப் பிறகு அவரைத் தொழுகை வரிசையில் யாரும் பார்த்ததில்லை.

இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையில் குனிவது இல்லை. நெற்றியைத் தரையில் வைப்பது இல்லை. நின்ற இடத்திலேயே நின்று முடித்துவிடலாம். மரணச் செய்தி வந்தபோது அவர் மனத்தில் முதலில் எழுந்தது அதுதான். இதற்குப் போகலாம்.

போனது யார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவர் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவன், அதே ஆட்டு மந்தையின் பின்னால் நடந்தவன்.

அந்த முதல் நொடியை நினைத்து, வரிசையில் நின்றபடியே அவருக்குக் காது சுட்டது.

பக்கத்தில் நின்ற ஒன்றுவிட்ட அண்ணன் தோளால் இடித்தார். "என்னடா, வெந்நீர் ஊத்து நல்லா வேலை செஞ்சிருக்கே! கம்பம் மாதிரி நிக்கிறே!"

வெந்நீர் ஊற்றுக்குப் போய்வந்ததாக ஊரில் சொல்லச் சொன்னவர் பெய்ஷென்பாய்தான். உண்மையில் நகரத்து மருத்துவமனையில் முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். தினமும் மல்லாந்து படுக்க வேண்டும், இன்னொருவர் காலைப் பிடித்து மடக்கிவிட வேண்டும் என்றார் மருத்துவர்.

பகலில் வீட்டில் இருப்பது மருமகள் மட்டும். மருமகளிடம் காலைக் கொடுத்துவிட்டு மல்லாந்து கிடந்தவன் அவர் வம்சத்தில் எவனும் இல்லை.

கால் இறுகிப்போனது. படுத்தால் கொதித்தது. குளிர் ஏறினால் உள்ளே நறநறத்தது. மயக்க மருந்து கொடுத்து ஒருமுறை மடக்கிப் பார்க்கலாம், வாருங்கள் என்று மருத்துவர் கூப்பிட்டபோது போனை வைத்துவிட்டார்.

ஒர்மோனுக்கும் முழங்கால்தான். ஆனால் அவன் ஒளிக்கவில்லை. பள்ளிவாசலின் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு, எல்லோரும் பார்க்கத் தொழுதான்.

"தொழ வந்தியா, சினிமா பாக்க வந்தியா?" என்று பெய்ஷென்பாய் ஒருநாள் கேட்டதற்குப் பள்ளிவாசலே சிரித்தது.

"பக்கத்து சீட்டு காலிதான்டா, நீயும் வா!" என்றான் ஒர்மோன். சம வயதுக்காரர்களுக்குள் எந்தக் கேலிக்கும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவனும் சிரித்தான்.

அதற்கடுத்த வருடம்தான் இவர் கால் போனது. அந்தப் பக்கத்து இருக்கைக்கு இவர் போகவே இல்லை.

தொழுகை முடிந்தது. இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று, தொழுகை நடத்திய மோல்தோ வழக்கப்படி கூட்டத்தைக் கேட்டார். நல்ல மனிதர் என்று எழுந்த குரல்களில் பெய்ஷென்பாயின் குரல்தான் உரக்கக் கேட்டது.

அந்தச் சத்தத்தோடு வாசல் பக்கம் நழுவிவிட நினைத்திருந்தார். ஒர்மோனின் மகன் தலாய்பெக் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அக்சகால், பெரியவர் நீங்கதான் முன்னால வரணும். அப்பாவுக்கு வேற யாரு இருக்கா?"

மலைச்சரிவில் குழி மூடி, மண் மேடானது. மோல்தோ குர்ஆன் ஓதத் தொண்டையைச் செருமினார்.

வீட்டு முற்றத்தை மட்டும் கணக்குப் போட்டு வந்தவருக்குக் கல்லறையில் ஓதுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓதும்போது யாரும் நிற்பதில்லை.

வெள்ளைக் கம்பளித் தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. எல்லோரும் மண்டியிட்டுவிட்டார்கள். சரிவு முழுவதிலும் நின்றது அவர் ஒருவர்தான்.

தலாய்பெக் நிமிர்ந்து பார்த்தான்.

பெய்ஷென்பாய் இறங்கினார். மடங்காத காலின் மேல் மொத்த உடம்பையும் போட்டு இறங்கினார். உள்ளே ஏதோ கிழிந்தது. வாயை மூடிக்கொள்ள முடிந்தது. கண்ணீரை அடக்க முடியவில்லை.

ஆமீன் சொல்லி எல்லோரும் எழுந்தார்கள்.

அவரால் எழ முடியவில்லை. கையை நீட்டியிருந்தால் தூக்கிவிட ஊரே நின்றது. அவர் நீட்டவில்லை.

"கூப்பிடாதீங்க, இருக்கட்டும்," என்று அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொல்வது கேட்டது. "கண்ணீரைப் பாருங்க. இதுதான்யா சிநேகம்."

மரியாதையோடு, சத்தமில்லாமல், சரிவில் இறங்கிப் போனார்கள். தலாய்பெக் மட்டும் கீழே காரருகில் முதுகைக் காட்டியபடி காத்திருந்தான்.

பிடித்துக்கொள்ள ஒரு கல் இல்லை. ஒரு கம்பு இல்லை. எதிரில் ஒர்மோன்தான் இருந்தான்.

இரண்டு கைகளையும் புது மண்ணில் ஊன்றினார். மண் மணிக்கட்டுவரை உள்வாங்கியது. அதற்குமேல் தாங்கியது.

"கொஞ்சம் பொறுத்துக்கடா," என்று முனகியபடி, தன் பாரம் முழுவதையும் அவன்மேல் போட்டு எழுந்தார்.

மறுநாள் ஊரெல்லாம் அந்த இரண்டு கைத்தடங்களைப் பற்றித்தான் பேச்சு. கூடப் பிறந்தவன்கூட இப்படிக் கட்டிக்கொண்டு அழமாட்டான் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் யாரும் சிரிக்கவில்லை.

நண்பனின் நாற்காலி வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்பதற்காகவே ஒருவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள் என்று மோல்தோ பேச்சின் நடுவே சொன்னார். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

பெய்ஷென்பாய் ஆம் என்று தலையசைத்தார். மேலங்கியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.