கடுங்காவல்

பொன்னுத்துரைக்கு வலித்தது வலது முழங்கால். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் இயந்திரம் கிழித்ததோ, நன்றாயிருந்த இடது முழங்காலை. டாக்டருக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பில்லை, குற்றவாளி இயந்திரம்தான், அதற்கு ஐந்தாண்டு கடுங்காவல் என்று தீர்ப்பு வந்தது. நியாயம் கிடைத்துவிட்டதென்று அவர் மனைவி கனியம்மாளும் நம்பித் தொலைத்தாள்.

வலது கால் வலி போகவில்லையே! ஊருக்கு அந்த ஒரே ஆஸ்பத்திரி. புருஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனால், ஆபரேஷன் அறையில் அதே இயந்திரம், கழுத்தில் கைதி எண்ணோடு, கத்தியும் கையுமாக நின்றது.

"ஜெயில்ல கெடக்க வேண்டியது இங்க என்னய்யா பண்ணுது?"

"இந்த ரூம்தாம்மா அதுக்கு ஜெயிலு. கடுங்காவல்னா வேலை வாங்கணும்ல? வாங்குறோம்," என்றார் மேனேஜர்.

கனியம்மாள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.

"நல்லா இருக்குய்யா ஒங்க ஏவாரம்! இது ஜெயிலுன்னா, எம்புருசன் என்ன குத்தம் பண்ணினாருன்னு உள்ள தள்ளச் சொல்லுதீய?"