வீட்டிலேயே தயாராகும் உரம்

"கீழ இலை மட்டும் மஞ்சள். மேல துளிர் நல்லாத்தான் இருக்கு. இது நோய் இல்ல டாக்டர், பசி" என்றாள் நர்சரியம்மா, மூக்கை உறிஞ்சியபடி.

டாக்டருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மாலை நான்கு மணிக்கு மனைவி வருகிறாள். மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போனவள், போவதற்கு முன் பால்கனியில் நின்று பன்னிரண்டு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி ஒப்படைத்துவிட்டுப் போனாள். இரண்டு மாதமாகத் தினமும் போட்டோ கேட்டாள். அவரும் தவறாமல் அனுப்பினார். எல்லாம் முதல் வாரத்தில் எடுத்து வைத்த போட்டோக்கள். இன்றைக்குக் குட்டு உடைந்தால் அவரைத் தொட்டியோடு தூக்கி வெளியே வைத்துவிடுவாள்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று, தன்னிடம் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்க வரும், செடி விற்கும் நர்சரியம்மாவையே கூப்பிட்டுவிட்டார். போன மாதம்தான் கிளினிக்கில் அவளை அழவைக்காத குறையாகத் திட்டியிருந்தார். இருபத்தெட்டு வருடமாக ஊராரின் சர்க்கரையை இறக்குவதே அவர் தொழில். இன்று நாற்காலி மாறிவிட்டது. அவள் கேட்கிறாள், அவர் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்கிறார்.

மண் எப்போது மாற்றியது என்றாள். மாற்றவே இல்லை. தண்ணீர்? காலையும் மாலையும், தொட்டி வழிய வழிய. இருந்த சத்தெல்லாம் அதோடு கரைந்து போய்விட்டது என்றாள். தழைச்சத்து தீர்ந்தால் செடி கிழட்டு இலையில் இருப்பதை எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடுமாம்.

"பெத்தவங்க மாதிரிதான். தான் காய்ஞ்சு பிள்ளைக்குக் குடுக்கும்."

தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று டாக்டர் கேட்டார். அவள் சிரிக்கப் போய்த் தும்மினாள். நான்கு நாளாகச் சளியாம். மூக்கு அடைத்துப்போய், ரோஜாவும் எருவும் ஒன்றாகவே இருக்கிறது என்றாள்.

டாக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார். அவள் வந்த பிறகு இது இரண்டாவது பாட்டில். என்ன வெயில் என்று அலுத்துக்கொண்டு, பேன்ட்டை மேலே இழுத்துவிட்டார். சொந்தச் சமையலின் புண்ணியத்தில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் மாலையில் திட்டு விழும்.

"புதுத் துளிர் இவ்வளவு பச்சையா வருதே. ஏதோ குடுத்திருக்கீங்க போல?"

டாக்டர் செருமிக்கொண்டார். இரண்டு வாரமாக ஒரு உரம் ஊற்றுவதாகச் சொன்னார். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். புத்தகத்தில் படித்ததாம். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள்.

"கடையில இல்ல. வீட்டிலேயே தயாராகுறதுதான்" என்று சொல்லிவிட்டு, அவசரமாக எறும்புக்குப் பேச்சைத் திருப்பினார்.

எறும்புதான் இப்போது பெரிய தலைவலி. பத்து நாளாகத் தொட்டிக்குத் தொட்டி சாரை சாரையாக வந்து மொய்க்கிறது. மனைவி மஞ்சள் இலையைக்கூட மன்னித்துவிடுவாள், எறும்பை மன்னிக்க மாட்டாள். இலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருக்கும், அது கசியவிடும் இனிப்பைத் தேடித்தான் எறும்பு வருகிறது என்பது டாக்டரின் கணிப்பு.

நர்சரியம்மா பன்னிரண்டு செடியிலும் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பூச்சிகூட இல்லை. எறும்பு எதுவும் இலைப்பக்கமே போகவில்லை. மண்ணைத்தான் மொய்த்துக்கொண்டிருந்தது.

"உங்க உரத்துலதான் விஷயம் இருக்கு. வெல்லம் போட்டீங்களா?"

"இல்லையே."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க. இனிப்பே தொடலைன்னு நானே உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

பூவாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் குடுவை அவள் கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்கு ஊற்ற வேண்டியது, இன்னும் தண்ணீர் கலக்கவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். அடைத்த மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. மூக்கு போனால் என்ன, நாக்கு இருக்கிறதே என்று சுண்டுவிரலை உள்ளே முக்கினாள்.

"ஐயோ, வேணாம்மா" என்று டாக்டர் பாய்வதற்குள் விரல் வாய்க்குள் போய்விட்டது.

டாக்டருக்குக் குப்பென்று வியர்த்தது. இனி இந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் துப்பப்போகிறாள், கத்தப்போகிறாள், நாளைக்குக் கிளினிக் முழுக்கச் சொல்லப்போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவளோ நிதானமாகச் சப்புக்கொட்டினாள்.

"நல்லாவே இனிக்குது டாக்டர். எனக்கு டீயில அரைக் கரண்டி கூடாதுன்னுட்டு, செடிக்கு இவ்வளவு வெல்லமா? ஊருக்குத்தான் உபதேசமா?"

டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"இனிக்குதா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? நீங்களே வேணா தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குடுவையில் வெல்லமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவர் பிடித்து வைத்த, அவருடைய சிறுநீர் மட்டும்தான் இருந்தது.