பலாப்பழமும் எட்டாம் பதிப்பும்

விருந்தாளி வந்தால் வீடே ஓர் அறையை விரிக்கும். அவர் கிளம்பி வாசல் தாண்டியதும் மடக்கிவிடும். அந்தத் தைரியத்தில்தான் இளம்பரிதி, மனைவி பூங்கோதையின் அண்ணனை இரண்டு நாள் பொறுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் மச்சான் ஊருக்குக் கிளம்பி வாசலைத் தாண்டினார்; அடுத்த நொடியே மறுபடியும் அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

இளம்பரிதி பதறிப்போய் சேவை மையத்துக்குப் போன் போட்டான்.

"முன்னே மாதிரி இல்ல சார். வீட்டு மென்பொருளோட எட்டாம் பதிப்புல, தற்காலிக அறையில சாமான் இருபது கிலோவைத் தாண்டினா, அறை, ஆள் எல்லாமே நிரந்தரச் சேமிப்புக்குப் போயிடும்."

கட்டிலுக்கடியில் ஒரு பலாப்பழம் கிடந்தது. இருபத்தைந்து கிலோவாவது இருக்கும்.

"இதை இங்கே வைக்கச் சொன்னது யாரு மச்சான்?"

"நம்ம கோதைதான் மாப்ளே."

சமையலறையில் பூங்கோதை கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். புதுப் பதிப்பின் விதிமுறைகளை அந்த வீட்டில் முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.