மஞ்சள் நூல் கட்டிய கொடுவா

"அந்தக் கொடுவா எப்படிம்மா இருந்துச்சு? ஆக்கித் தின்னீங்களா?"

மீன்கூடையை இறக்கி வைத்ததும் வீராயி கேட்கும் முதல் கேள்வி அதுதான். தை மாதத்தில் கொடுத்த ஒரு மீனுக்கு ஆவணியிலும் பாராட்டுக் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது?

"நல்லா இருந்துச்சுன்னு எத்தனை தடவ சொல்றது, வீராயி?" என்றாள் சுலோசனா.

வீராயி இரண்டு கூறு நெத்திலியை எடுத்து வைத்துவிட்டுக் கடலோரக் குருசுக்குப்பத்துக்குத் திரும்பினாள்.

சும்மா ஒன்றைக் கொடுத்துவிட்டு, வாராவாரம் அதைச் சொல்லிக்காட்டும் குணம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சுலோசனா அன்று கணவரிடம் குறைபட்டுக்கொண்டாள். ஆதிமூலம் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஐஸ் பொட்டி மதாமுக்கே மீன் குடுத்தவ. பெருமை இருக்காதா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன், தன் ஊருக்குக் கப்பலேறிய பிரெஞ்சு அதிகாரி ஒருவரிடமிருந்து அந்தக் குளிர்பதனப் பெட்டியை வாங்கினார்கள். அன்றிலிருந்து தெருவில் சுலோசனாவுக்கு அந்தப் பெயர்தான். அவளுக்கும் அதில் உள்ளூர மகிழ்ச்சியே.

பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. மேலறையில் பனிக்கட்டி வளர்ந்துகொண்டே போகும். சுலோசனா முன்பக்கத்தை மட்டும் கரண்டியால் சுரண்டிவிட்டுக் காலத்தைக் கடத்தி வந்தாள். அந்தச் சனிக்கிழமை கதவே சாத்த முடியாமற்போயிற்று. மின்சாரத்தை நிறுத்தி, அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்துவிட்டு, பனிக்குள்ளிருந்து எது வந்தாலும் வீணாக்காமல் அன்றே சமைத்துத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

முதலில் அரைமூடித் தேங்காய் வந்தது. பிறகு பொங்கலுக்கு வாங்கி மறந்த மொச்சைக்கொட்டை. கடைசியாக, பின்சுவரோடு ஒட்டிக் கிடந்த ஒரு வாழைச்சருகுப் பொட்டலம்.

பிரித்தாள். ஒரு சாண் நீளக் கொடுவா. வாலில் மஞ்சள் நூல்.

வீராயி தை மாதத்தில் கொடுத்த அதே மீன்.

வீராயியின் கணவன் பாவாடை தை மாதத்தில் புதுக் கட்டுமரம் இறக்கினான். புது மரத்தில் கிடைக்கும் முதல் மீனை அந்தக் குடும்பத்தார் விற்பதில்லை. நல்ல மனமுள்ள வீடு என்று தாங்கள் நம்பும் ஒரு வீட்டுக்கு, மஞ்சள் நூல் கட்டிக் கொடுப்பார்கள். அந்த வீட்டார் அதை உண்ட பிறகே வலையில் மீன் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

வீராயி மீனைக் கொண்டுவந்த நாள் தைக் கிருத்திகை விரதம். மறுநாள் சமைக்கலாம் என்று உள்ளே வைத்த சுலோசனா அடியோடு மறந்துபோனாள். அடுத்த வாரம் வீராயி கேட்டபோது, எந்த மீன் என்று எண்ணிப்பார்க்கவும் பொறுமையின்றி, நன்றாக இருந்தது என்று சொல்லிவைத்தாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வலையில் எதுவும் விழவில்லை என்றும், முதல் மீனை உங்கள் மதாம் உண்ணவேயில்லை என்று சொல்லி, கூடப் போகும் இருவர் மரத்தை விட்டு விலகப் பார்க்கிறார்கள் என்றும் பங்குனியில் வீராயி சொன்னாள். சுலோசனா அப்போது இறாலில் மணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனைக் குப்பையில் போட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். குழம்பில் வெந்த மீன் நார்போல் இருந்தது. ஆதிமூலம் ஒரு வாயோடு தட்டை நகர்த்திவிட்டார். அவள் ஒரு துண்டையும் மிச்சம் வைக்காமல் உண்டு முடித்தாள்.

மறுவாரம் வீராயி கூடையை இறக்குமுன்பே சுலோசனா பேசினாள்.

"வீராயி, அந்தக் கொடுவாவைப் போன சனிக்கிழமைதான் சாப்பிட்டேன். அதுக்கு முன்னால சொன்னதெல்லாம் பொய்."

வீராயி திடுக்கிடவில்லை. "தெரியும்மா."

"எப்படி?"

"மாசி மாசம் ஒருநாள், கையில மாவா இருக்குது, எறால நீயே ஐஸ் பொட்டியில வச்சிட்டுப் போன்னீங்க. அப்ப பாத்தேன். நூலு வெளிய தெரிஞ்சுது."

அன்றே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாமே என்றாள் சுலோசனா.

"நீங்க தின்னேன்னு சொன்னப்பறம், இல்லன்னு நா எப்படிம்மா சொல்றது?"

"உங்க ஆளுங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம். பழி எம்மேலதானே விழுந்திருக்கும்?"

"அதனாலதாம்மா சொல்லல. கூட வர்றவங்க கேட்டப்ப, நீங்க தின்னுட்டீங்கன்னு மாரியம்மனுக்கு முன்னால கற்பூரத்த அணைச்சேன். அதுக்கப்பறம் அவங்க வாயத் தொறக்கல."

நாள்தோறும் கணவனைக் கடலுக்கு அனுப்புகிற ஒருத்தி, பொய்யென்று தெரிந்தே செய்த சத்தியம் அது.

"எல்லாம் தெரிஞ்சும் வாராவாரம் ஏன் வீராயி அதையே கேட்ட?"

வீராயி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தா உங்களுக்கு ஒருநாள் ஞாபகம் வரும். நீங்க தின்னுட்டா, நா செஞ்ச சத்தியமும் நெசமாயிடும்னுதாம்மா."