மிச்சமிருந்த கை

சபையில் முப்பது வருடமாகப் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்துவந்த தேவபிச்சைக்கு, பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. அவர் இடத்தில் இப்போது சுகிர்தா கீபோர்டு வாசிக்கிறாள். எந்தப் பாட்டையும் விரட்டித்தான் வாசிப்பாள். தேவபிச்சை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது. பழைய ஆர்மோனியத்தைத் தூக்கிவந்து வைத்தார்கள். ஒரு கையால் துருத்தியை அழுத்திக்கொண்டே வாசிக்க சுகிர்தாவுக்கு வரவில்லை. ராகம் விட்டுவிட்டு இழுத்தது. போதகர் இறங்கி, கடைசி பெஞ்சுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இடக்கை நல்லாத்தான இருக்கு? நீங்க துருத்திய மட்டும் அழுத்துங்களேன்."

சபையே திரும்பிப் பார்த்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போய் உட்கார்ந்து அழுத்தினார். ஆண்டவரே, இதுக்குத்தானா இந்தக் கைய விட்டுவச்சீரு என்று உள்ளுக்குள் குமைந்தார். இரண்டாம் சரணத்தில் அவள் ஒரு சுரத்தைத் தப்பாகத் தொட்டாள். வேண்டுமென்றே கையை நிறுத்தினார். ஆர்மோனியம் அடங்கியது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதி வார்த்தையில் நின்றார்கள்.

சுகிர்தா பதறிப்போய் அவர் பக்கம் குனிந்தாள். "கை வலிக்கா அண்ணாச்சி? செத்த நேரம் இருந்துட்டுப் பாடுவமா?"

அவருக்கு முகம் சுட்டது. "வலியெல்லாம் இல்லம்மா. நீ வாசி."

வாசித்தாள். அதே இடத்தில் அதே தப்பு வந்தது. தேவபிச்சை கண்களை மூடிக்கொண்டு, துருத்தியை இன்னும் ஆழமாக அழுத்தினார்.