பூனை மோந்து பார்த்த பொட்டலம்

சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலில் கிடந்த கறிப் பொட்டலத்தைக் காகம் இழுத்து வந்து பூனையின் முன்னால் போட்டது. பூனையின் குட்டி அன்றுதான் முதன்முதலாகக் கறி தின்னப் போகிறது.

"குட்டிக்குக் கொடு அக்கா. தேதி போட்டிருக்கு பாரு, ஒரு ஈ மொய்க்கல."

பூனை மோந்து பார்த்தது. பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது.

"வெட்டினது யாருடா?"

"யாருக்குத் தெரியும்?"

"சிக்கந்தர் பாய் கறிக்கடையா இருந்தா தெரியும்."

"பெரிய யோக்கியர்! எடைக்கு எலும்பை ஏத்திப் போடுவாரே."

"போடுவார். ஜனங்க மறுநாளே வந்து சண்டை போடுவாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே ஈரல் துண்டு ஒண்ணு சேர்த்துப் போடுவார். ஆனா, கறி கொஞ்சம் பழசானா எனக்குக்கூடத் தரமாட்டார். 'இன்னிக்கு வேணாம், போ'ன்னு விரட்டுவார்."

"கடையை மூடி எவ்வளவு நாளாச்சு! இன்னும் அவர் புராணமா?"

குட்டி பசியில் கத்தியது. பூனை உறையைக் கிழித்து, முதல் துண்டைத் தானே தின்றது. பிறகு குட்டியைக் காலுக்கடியில் அணைத்துக்கொண்டு, தன் வயிறு என்ன சொல்கிறதென்று கவனித்தபடி வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தது.

'இன்னிக்கு வேணாம், போ' என்று சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை.